வாழையிலைக்கு மேல் ஊற்றிய தண்ணி

14 வருடமாகப் படிப்பிக்கிறேன். நிலத்தடி நீர்ப் பாடம் வந்தால் கரும்பலகையில் ஒரு குறுக்குவெட்டு முகம் கீறுவேன். மேலே செம்மண், கீழே சுண்ணக்கல், நடுவில் நீல வெண்கட்டியால் தண்ணீர். பிள்ளைகளும் பார்த்துக் கீறுவார்கள், சோதனையில் புள்ளியும் வரும். ஆனால் ஒரு பிள்ளையாவது “ரீச்சர், இது எங்கட கிணறுதானே?” என்று கேட்டதில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை.

போன மாரிக்கு அந்தப் படத்தை நான் கீறவேயில்லை. அதைத்தான் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வீட்டுக்காரர் இந்தக் கதையைக் குறைந்தது பத்துத் தரம் கேட்டுவிட்டார், இப்போது நான் வாயைத் திறந்ததும் எழும்பிப் போய்விடுகிறார். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

ஐப்பசி மழை தொடங்க முன்னமே தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, சனிக்கிழமை தோறும் வீட்டுக் கிணற்றில் விட்டு, கட்டிலிருந்து தண்ணீர் மட்டம் வரை எத்தனை அடி என்று கொப்பியில் எழுத வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் கிணற்றடிக்குப் போகக்கூடாது என்பது கட்டாயச் சட்டம். அவ்வளவுதான் பாடம்.

முதல் திங்கட்கிழமையே வகுப்பில் சண்டை. கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை 6 அடி என்கிறாள். செம்மண் தோட்டப் பக்கத்துப் பெடியன் 22 அடி என்கிறான். “நீ பொய் சொல்றாய்.” “வந்து பாரன்.” எனக்கு உள்ளுக்குள் என்ன சந்தோசம்! இத்தனை வருடத்தில் நிலத்தடி நீருக்காக என் வகுப்பில் யாரும் சண்டை பிடித்ததில்லை. நான் விடையைச் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். வாத்தியார் வேலையில் ஆகக் கடினமான பகுதி அதுதான் போல.

அடுத்த கிழமை ஒவ்வொருவரும் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதிலும் மழைத் தண்ணீரிலும் ஒரே அளவு சவர்க்காரத்தைக் கரைத்துக் குலுக்கினோம். மழைத் தண்ணீரில் நுரை பொங்கி வழிந்தது, சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீரில் வெள்ளைப் பாலாடை போல ஏதோ மிதந்ததே தவிர நுரை இல்லை. “அதுதான் அம்மா மழைத் தண்ணியில தலை முழுகச் சொல்லுறவ!” என்றாள் ஒருத்தி. பிறகு ஒரு பழைய கேத்தலைக் கவிழ்த்து, அடியில் படிந்திருந்த வெள்ளைக் காறையைச் சுரண்டி, அதில் வினாகிரி விட்டோம். சீறியது. வெளியில் மதிலோரம் கிடந்த சுண்ணக்கல்லை இடித்துப் பொடியாக்கி விட்டோம். அதுவும் சீறியது. கல் கரைந்து, கிணற்றுக்கு வந்து, கேத்தலில் மறுபடி கல்லாகியிருக்கிறது என்பதை நான் வாயால் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

இனித்தான் மீன் தொட்டி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அங்கே ஏற்கெனவே இருக்கும் கடல் நீருக்கு மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. அதைத்தான் நாங்கள் குடிக்கிறோம். இதைக் காட்ட வேண்டும் என்று ஒரு தொட்டியை இரவல் வாங்கி, லீற்றருக்கு 35 கிராம் கல்லுப்பு வீதம் கரைத்து, பீற்றூட் சாறு விட்டுச் சிவப்பாக்கி, அதன்மேல் நல்ல தண்ணீரை ஊற்றினேன். எல்லாம் கலந்து ஒரே ரோசாப்பூ நிறமாகிவிட்டது. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அப்போது பின்வாங்குப் பெடியன் ஒருவன், சோதனையில் 30 புள்ளியைத் தாண்டாதவன், எழும்பிச் சொன்னான்: “ரீச்சர், ஒரு வாழையிலைத் துண்டை மிதக்க விட்டு அதுக்கு மேல மெல்ல ஊத்துங்கோ.” ஊற்றினோம். இலையில் பட்டு விளிம்பால் வழிந்து, கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர் சிவப்புக்கு மேல் அப்படியே படுத்துக்கொண்டது. நடுவில் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு. நான் அந்த இடத்தில் கை தட்டிவிட்டேன், வெட்கமில்லாமல்.

அவனையே கூப்பிட்டு ஒரு ஸ்ட்ரோவைத் தெளிந்த பகுதிக்குள் பிடித்து உறிஞ்சச் சொன்னேன். மெல்ல உறிஞ்சினான், நல்ல தண்ணி. வேகமாக இழுத்தான். கீழேயிருந்து சிவப்பு ஒரு கூம்பு போல எழும்பி ஸ்ட்ரோவுக்குள் ஏறியது. அவன் முகம் கோணியது: “சீ, உப்பு! கனக்க இழுத்தா உப்பு வருது.” ஒரு நிமிடம் கழித்து, யாரிடமும் சொல்லாதது போல, “எங்கட இறைக்கிற மிசினும் இதைத்தானே செய்யுது” என்றான்.

கணக்கையும் விடவில்லை. ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம், கடல் நீர் கிட்டத்தட்ட 1025. வித்தியாசம் 25. ஆயிரத்தை 25 ஆல் பிரித்தால் 40. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதைத் தாங்க உப்பு நீர் சுமார் 40 அடி கீழே தள்ளப்படுகிறது. அப்படியென்றால் இறைத்து இறைத்து ஓரடி இறக்கினால்? வகுப்பு கப்சிப். இதை எழுதிவைத்த கைபனும் ஹேர்ஸ்பேர்க்கும் ஐரோப்பாவின் வடகடல் கரையில் நின்று யோசித்தவர்கள். எங்கள் பிள்ளைகள் பீற்றூட் தண்ணீரில் பிடித்தார்கள்.

பிறகு புத்தூர் நிலாவரைக் கிணற்றுக்கும் கீரிமலைக் கேணிக்கும் ஒரே நாளில் போய்வந்தோம். நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்ற கதையை எல்லோரும் பாட்டிமாரிடம் கேட்டிருக்கிறோம். முந்தி அதை நான் சிரித்து ஒதுக்கியிருப்பேன். இம்முறை பஸ்ஸில் அரை மணித்தியாலம் வாதம்: சுண்ணக்கல் கரைந்தால் குகை வரும், குகை வந்தால் தண்ணி ஓடும், ஆனால் தேசிக்காய் போகிற அளவு ஓட்டையா? நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர் என்றதும் “மீன் தொட்டி!” என்று பின்னாலிருந்து ஒரு சத்தம்.

இப்படிப் படிப்பிப்பதை நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984 இல் அனுபவம், மீள நோக்கல், கருத்தாக்கம், செய்து பார்த்தல் என்று கற்றலுக்கு ஒரு சக்கரம் கீறிவிட்டார். எங்கள் பாடத்திட்டத்துக்கும் 2007 இல் ‘5 ஈ’ என்ற கற்பித்தல் முறை வந்துவிட்டது. ஆசிரியர் வழிகாட்டியில் நான் வருடக்கணக்காக அடிக்கோடிட்டு வைத்திருந்தது அதைத்தான். தொண்டைமானாற்றில் ஒரு நிலையத்தின் பெயரே வெளிக்கள நிலையம். ஆனால் அங்கிருந்து மாதிரி வினாத்தாள்கள் வருவதால், பிள்ளைகளைக் கேட்டால் அது வினாத்தாளின் பெயர் என்கிறார்கள்.

குறை சொல்வோரும் உண்டு. “பாடத்தை முடிக்காமல் கிணற்றடியில் நிற்கிறா” என்று ஒரு பேச்சு அடிபட்டது. உண்மைதான், இரண்டு அலகு பின்தங்கிப் பின்னேர வகுப்பு வைத்துத்தான் சரிக்கட்டினேன். இன்னொரு தரமும் பின்தங்குவேன்.

போன கிழமை சந்தையில் அந்த ஸ்ட்ரோப் பெடியனின் தாயைக் கண்டேன். பையைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டா. “ரீச்சர், நீங்கள் குடுத்த வேலையால இவன் தகப்பனை அரை மணித்தியாலத்துக்கு மேல மிசின் போட விடுறானில்லை. கயித்தை விட்டு அளந்துபோட்டு நிப்பாட்டுறான். வெங்காயம் வாடப் போகுது.”

சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முடிச்சு எண்ணுவதில் அவன் பிழை விடுகிறானோ என்று ஒரு சந்தேகம்.