இலவச அரங்கும் வேலையற்ற நடிகனும்

பாதல் சர்க்காரின் 'இலவச அரங்கு' என்பதைத் தமிழில் நாம் ஓர் அழகியல் கோட்பாடாகவே வாசித்தோம். 1980இல் சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறை பற்றி எழுதாத நாடகக் கட்டுரை இல்லை. ஆனால் சர்க்கார் நகரத் திட்டமிடலில் சம்பளம் வாங்கியவர். அவரது சதாப்தி குழுவினரில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே நடித்தவர்கள். சம்பளம் மிச்சம் வைத்த மாலை நேரத்தைத்தான் அவர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். கோட்பாடு நமக்கு வந்து சேர்ந்தது. அந்த மாலை நேரம் வரவில்லை.

1990இல் பாரத் ஞான விஞ்ஞான ஜாதா, பிறகு மாவட்டம்தோறும் அறிவொளி. கலைப்பயணங்களில் அயல்பணியில் வந்த அரசு ஊழியருக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பறை அடித்தவனோ வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவன். இருவருக்கும் 'தொண்டர்' என்று ஒரே பெயர். இந்தச் சமன்பாட்டை எந்த விமர்சனமும் கட்டுடைக்கவில்லை.

எம்.ஏ. தமிழ் முடித்து வேலை தேடிய நாட்களில் பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், ஒரு குழுவோடு நானும் வீதிநாடகம் போட்டேன். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒத்திகைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஏப்ரல், மே மாதங்களில் கோடைக்கானல் சீசன். பையன்கள் விடுதி வேலைக்கும் வண்டி ஓட்டவும் போய்விடுவார்கள். குழுத் தலைமை இதை 'அர்ப்பணிப்பு போதாது' என்று விளக்கியது. கூலி உயர்வு கேட்டு முழக்கமிடும் பாத்திரத்தில் நடித்த பெண் ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, பஸ் காசாவது குடுப்பாங்களா?" அந்த நாடகத்தில் இருந்த ஒரே அரசியல் வசனம் அதுதான், பிரதியில் இல்லை.

கீழே திண்டுக்கல், மதுரைப் பக்கம் கோயில் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' வைக்கும் ஊர் என்ன செய்கிறது? வீட்டுக்கு வீடு வரி போடுகிறது. முருகனாக வருபவருக்கும் வள்ளிக்கும் பபூனுக்கும் தனித்தனியே சம்பளம் பேசி முன்பணம் கொடுக்கிறது. மதுரையில் 1923இலேயே நடிகர்களுக்குச் சங்கம் வந்துவிட்டது. சாதி, ஆண்மைய மரியாதை எல்லாம் அங்கேயும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நடிப்பு உழைப்பு என்பதில் அந்த ஊருக்குக் குழப்பமே இல்லை. 'சமுதாய அரங்கு' என்று பதாகை கட்டிய நமக்குத்தான் குழப்பம்.

1980களின் பிற்பகுதியில் கூத்துப்பட்டறை ஃபோர்டு நிறுவன நிதியைப் பெற்று முழுநேர நடிகர்களை வைத்துக்கொண்டபோது, யார் பணம் என்று கேட்டோம். நியாயமான கேள்விதான். பணமே இல்லாத குழுக்களிடம் யார் வயிறு என்று கேட்கவில்லை. அந்த மௌனத்தை அரசு நன்றாகப் படித்துக்கொண்டது. 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய், 'ஊக்கத்தொகை' என்ற பெயரில். சம்பளம் என்று எழுதினால் அவர் தொழிலாளி ஆகிவிடுவாரே.

ஒளி, இசை, ஒப்பனை யார் என்று போடுகிற இடத்தில், நடிகருக்கு எவ்வளவு, யார் கொடுத்தது என்றும் இப்போது எழுதி வருகிறேன். ஒரு குழு எனக்கு அழைப்பிதழ் அனுப்புவதை நிறுத்திவிட்டது.