சப்பென்ற சீனா: பார்த்தின் இரண்டு பிரதிகள்

போய்வந்த தேசத்தைப் பற்றி எழுதுகிறவன் இரண்டு பிரதிகளை உருவாக்குகிறான். ஒன்று, அங்கே இருக்கையில் நோட்டில் கிறுக்கிக்கொண்டது. மற்றொன்று, ஊர் திரும்பி, யார் படிக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகு எழுதுவது. முதலாவதில் இருந்த எது இரண்டாவதில் காணாமல் போகிறது? பயண எழுத்தின் அரசியல் இந்த இடைவெளியில்தான் கிடக்கிறது. ரோலன் பார்த்தின் 1974 சீனப் பயணத்தை இப்படி வாசித்துப் பார்க்கலாம்.

'தெல் கெல்' இதழ்க் குழு அன்று மாவோயிச மயக்கத்தில் இருந்தது. ஃபிலிப் சோலர்ஸ், ஜூலியா கிறிஸ்தேவா, மார்ஸ்லின் ப்ளேனே, பதிப்பாசிரியர் பிரான்சுவா வால், இவர்களோடு பார்த். ஏப்ரல் 11 முதல் மே 4 வரை பீகிங், ஷாங்காய், நான்கிங், லோயாங், சியான் என்று ஒரு சுற்று. கலாச்சாரப் புரட்சி இன்னும் முடிந்திருக்கவில்லை. லின் பியாவையும் கன்பூசியசையும் சேர்த்துச் சாடும் பிரச்சாரம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது. தொழிற்சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கம்யூன் என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே போனாலும் டீ, வரவேற்புரை, புள்ளிவிவரம். கூடவே அரசு வழிகாட்டிகள். காட்டுறதைப் பார், சொல்றதைக் கேள், கிளம்பு. அவ்வளவுதான்.

திரும்பியதும் மே 24 அன்று 'லெ மோந்த்' நாளிதழில் பார்த் ஒரு கட்டுரை எழுதினார். ஆயிரம் கேள்விகளோடு போனோம், எதற்கும் விடையில்லாமல் வந்தோம் என்பது அதன் சாரம். ஆனால் இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. சீனா சாந்தமானது, வெளிறியது, சுவை தணிந்தது. அர்த்தம் தேடி அலையும் மேற்கத்திய மூளையை அது ஓய்வெடுக்கச் சொல்கிறது என்று அதையே ஓர் அழகியலாக்கினார். ஆமாம் என்றும் சொல்லாத, இல்லை என்றும் சொல்லாத ஒரு பேச்சு.

அந்தப் பயணத்தில் அவர் எழுதிவைத்த மூன்று நோட்டுகள் 2009இல்தான் அச்சேறின. பார்த் 1980இலேயே இறந்துவிட்டார். நோட்டுகளில் இருப்பது வேறு ஆள். தலைவலி, சலிப்பு, எரிச்சல். ஒவ்வொரு வரவேற்புரையிலும் அச்சில் வார்த்த மாதிரி திரும்பத் திரும்ப வரும் வாக்கியத் துண்டுகளுக்குச் 'செங்கல்' என்றே பெயர் வைத்துவிட்டார். வழிகாட்டிகள் குறுக்கே நிற்பதால் தற்செயலாக எதுவும் நடக்க வழியில்லை என்று புலம்புகிறார். இந்த மக்களின் உடலைப் பற்றி, பாலுறவைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது என்ன தெரியும் என்று கேட்டுக்கொள்கிறார். அதாவது, கதவு பூட்டியிருக்கிறது என்பது நோட்டு எழுதியவருக்குத் தெரிந்தே இருந்தது. கட்டுரை எழுதியவரோ, இது கதவே இல்லாத வீடு என்றார்.

இங்கேதான் நமக்குப் பிரச்சினை. 'தொன்மங்கள்' (1957) நூலில் பார்த் நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? வரலாற்றை இயற்கையாக மாற்றிக் காட்டுவதே தொன்மத்தின் வேலை என்பதுதானே? கீழைத்தேயத்தை வண்ண வண்ணமாகப் படம்பிடித்து, அங்கே வரலாறே இல்லாததுபோல் காட்டிய ஒரு ஆவணப்படத்தை அதே நூலில் அவர் பிரித்து மேய்ந்திருக்கிறார். அந்தக் கத்தியை அவர் கட்டுரை மீதே வைத்துப் பார்ப்போம். ஓர் அரசு, ஒரு பயணத்திட்டம், பேசினால் என்னாகுமோ என்ற பயம் ஆகிய மூன்றும் உண்டாக்கிய மௌனம் அது. கட்டுரையில் அது சீனத்தின் சுபாவமாகிவிடுகிறது. தொன்மம் என்றால் இதுதான்.

ஜப்பானோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். 'குறிகளின் பேரரசு' (1970) நூலில், தான் எழுதுவது அசல் ஜப்பான் அல்ல, தானே புனைந்துகொண்ட ஓர் அமைப்பு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அங்கேயும் மொழி தெரியாது. ஆனால் தெரியாமை அங்கே ஆனந்தம். காரணம் எளிது. டோக்கியோத் தெருவில் தன்னிஷ்டத்துக்குச் சுற்றினார், வழி தவறினார். சீனாவில் வழி தவற முடியாது. ஜப்பானின் 'வெறுமை'யும் சீனாவின் 'சப்பென்ற' தன்மையும் அந்தந்தக் கலாச்சாரத்தின் குணங்கள் என்பதைவிட, பயணிக்குக் கிடைத்த, கிடைக்காத சுதந்திரத்தின் பெயர்கள் என்பதே சரி.

கூட்டாளிகள் புகழ்மாலை சூட்டும்போது சும்மா இருந்ததே ஒரு எதிர்ப்பு அல்லவா என்று கேட்கலாம். ஓரளவு நியாயம்தான். கோஷம் போட அவர் மறுத்தார். ஆனால் அதே பயணத்தில் கூடவே இருந்த வால், அடுத்த மாதமே அதே 'லெ மோந்த்'தில் சீனாவைக் கடுமையாக விமர்சித்து எழுதினாரே. ஆக, சொல்வது சாத்தியமாகத்தான் இருந்தது. பார்த்தைச் சீனா போகத் தூண்டியதே அந்தோனியோனியின் ஆவணப்படம் என்று 1980இல் அவரே சொல்கிறார். அந்தப் படத்தைச் சீன அரசு 1974 ஜனவரியில் பகிரங்கமாகக் கண்டனம் செய்திருந்தது. பார்க்கும் கண்ணுக்கு அங்கே என்ன விலை என்பது ஊரறிந்த விஷயம்.

கிறிஸ்தேவாவின் சீனப் பெண்கள் பற்றிய நூலும் 1974இலேயே வந்தது. சியானுக்கு அருகே ஹூசியன் சதுக்கத்தில், வெயிலில், பேசாமல் தங்களையே பார்த்துக்கொண்டிருந்த கிராமத்துக் கூட்டத்தோடு அது தொடங்குகிறது. அந்தப் பார்வையின் முன் 'நான் யார்' என்ற கேள்வி அவருக்கு எழுகிறது. 1981இல் காயத்ரி ஸ்பிவாக் கேட்டது இதைத்தான்: கேள்வி ஏன் எப்போதும் பார்க்க வந்தவரின் அடையாளத்தைப் பற்றியதாகவே இருக்கிறது? எதிரே நிற்பவள் யார் என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

1976இல் மாவோ இறந்தார், நால்வர் கும்பல் கைதானது, 'தெல் கெல்'லும் மாவோயிசத்தைக் கைகழுவியது. பாரிசில் ஒரு மோகம் முடிந்தது. ஹூசியனில் நின்றவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கட்டுரையிலும் இல்லை, நோட்டிலும் இல்லை.

தமிழில் பிரதி, வாசிப்பு என்று நாம் பேசக் கற்றதில் பார்த்துக்குப் பெரிய பங்குண்டு. அதனால்தான் இந்தக் கணக்கை அவரிடமே கேட்க வேண்டியிருக்கிறது. அந்நியக் கலாச்சாரம் ஒன்றைத் திரும்பிப் பார்த்து எழுதுகிறவன் 'அதன் அர்த்தம் என்ன' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: என் பார்வையை யார் ஏற்பாடு செய்தார்கள், யாரை என்னிடம் பேசவிடவில்லை? இதைக் கேட்காத வரை, மௌனத்தைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும் அது வழிகாட்டிக்குச் செய்யும் உபகாரம்தான்.