வைரலான முகமும் வளரும் பிள்ளையும்

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் தண்டலம். அங்கிருக்கும் சவீதா மருத்துவமனையில் 2022 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டச் சிறுமி ஒருத்திக்கு முகச் சீரமைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் படிப்படியாகச் சுருங்கும் பாரி ராம்பெர்க் என்னும் அரிய நோய். பெற்றோர் ஊடகங்கள் வழியே உதவி கேட்டார்கள். உதவி கேட்ட காணொளி கைபேசிக்குக் கைபேசி பரவியது. முதலமைச்சர் ஸ்டாலின் சிகிச்சைக்கு உத்தரவிட்டதோடு நேரிலும் வந்து பார்த்தார். பகிராமல் இருந்திருந்தால் இது இவ்வளவு விரைவில் நடந்திருக்காது. ஆனால் அவள் பெயரும் சிகிச்சைக்கு முந்தைய முகமும் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. அதனாலேயே பெயரை இங்கே எழுதவில்லை.

முகக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் சமூக ஊடகத்தை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, தங்களுக்குள் பேசிக்கொள்ள. மற்றொன்று, ஊருக்குக் காட்ட.

முதலாவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ ஏறக்குறைய 700 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒன்றில் நேர்கிறது. அப்படிப் பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, “கிரகணத்தன்னைக்கு வெளியே போனியா?” என்பதுதான். பழி தாய்மேல் விழுகிறது. அண்ணப் பிளவுள்ள குழந்தையால் பெரும்பாலும் உறிஞ்சிக் குடிக்க முடியாது. நிமிர்த்திப் பிடித்துப் பாலாடையில் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும், அடிக்கடி ஏப்பம் விடச் செய்ய வேண்டும். ஒரகடம் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் பார்க்கும் தகப்பன், சொந்த ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் தனியே இருக்கும் தாய்: இவர்களுக்கு இதைச் செய்துகாட்ட அருகில் யாருமில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் இன்னொரு தாய் அனுப்பும் ஒரு குரல்பதிவு அந்த இரவைக் கடத்திவிடுகிறது. 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிளவுகளுக்கு இலவச அறுவை சிகிச்சை உண்டு என்ற செய்தியும் அப்படியே போய்ச் சேரலாம்.

இரண்டாவதில்தான் சிக்கல். ‘முன், பின்’ என்று இரண்டு படங்களைச் சேர்த்துப் போடும் பதிவு, ஒரே அறுவையில் எல்லாம் தீர்ந்துவிட்டதாக நம்பவைக்கிறது. உண்மையில் உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தைக்கிறார்கள், அண்ணத்தை ஒன்று, ஒன்றரை வயதுக்குள். பிறகு பேச்சுப் பயிற்சி, காதுச் சீழுக்கு வைத்தியம், எட்டு முதல் பத்து வயதுவாக்கில் ஈறு எலும்பில் எலும்பு ஒட்டு, பல் கம்பி, சிலருக்குப் பதினேழு வயதுக்குமேல் தாடை அறுவை. படத்தைப் பார்த்து நிம்மதியான பெற்றோர் பேச்சுப் பயிற்சியை விட்டுவிட்டால், உதடு கூடிய பிள்ளை மூக்கால் பேசிக்கொண்டே பள்ளிக்குப் போகும். அரை நாள் லீவு போட்டால் சம்பளம் பிடிக்கும் குடும்பங்களில் இது எளிதில் நடந்துவிடும்.

நிதி கேட்கும் பதிவுகள் இன்னும் கொடியவை. அழும் முகத்துக்குத்தான் பணம் வரும் என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கெஞ்சினால்தான் கவனிப்போம் என்று வைத்திருக்கும் ஏற்பாட்டின் குற்றம் அது. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தையின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பதிவிடுபவரே பெற்றோர் என்றால் பிள்ளைக்காக மறுப்பவர் யார்?

மருத்துவமனைகள் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரையாவது இந்தக் குரூப்களில் சேர்க்க வேண்டும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: குரூப்பை விடாதீர்கள். ஆனால் சிகிச்சைக்கு வழி பிறந்ததும் பொதுவெளியில் போட்ட முகப்படங்களை நீக்கிவிடுங்கள். பிள்ளைக்கு விவரம் தெரிந்தபின், அடுத்த படத்தைப் போடுமுன் அதனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.