பட்டி, டிங்கரிங், பளபளப்பு

"பட்டி டிங்கரிங் பார்த்துட்டு வந்திருக்கான்" என்று நம்ம ஊரில் சொன்னால் அது பாராட்டு இல்லை. உள்ளே இருக்கும் ஓட்டையை அடைத்து மேலே பளபளப்பாக எதையோ பூசியிருக்கிறான் என்று அர்த்தம். பழைய கார்களைப் புதுப்பிக்கும் டிவி நிகழ்ச்சிகளையும் யூட்யூப் காணொளிகளையும் சில வருடங்களாக விடாமல் பார்த்துவருகிறேன். அவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதை அந்த ஒரு கிண்டலிலேயே அடக்கிவிடலாம். ஆனால் ஆசையாகப் பார்த்த ஒன்றை அப்படிப் போகிற போக்கில் தள்ளிவிட மனசு வரவில்லை. கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

இந்த வகையில் பெரிய பெயர் 'வீலர் டீலர்ஸ்'. 2003இல் பிரிட்டனில் தொடங்கியது. மைக் புரூவர் பழைய காரை வாங்குவார், எட் சைனா பட்டறையில் சரிசெய்வார், மைக் விற்பார். கடைசியில் ஒரு கணக்கு வரும்: வாங்கிய விலை, உதிரிபாகச் செலவு, விற்ற விலை, லாபம். அந்தக் கணக்கில் எட்டின் கூலி மட்டும் இருக்காது. சாதாரண விடுபடல் மாதிரிதான் தெரியும். ஆனால் பாடி வேலையில் கூலிதான் பெரிய செலவு. அதை எடுத்துவிட்டால் பார்க்கிறவனுக்கு என்ன பதியும்? பெயிண்ட் என்பது நாலு டப்பா, ஒரு சனிக்கிழமை.

எட் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வேலையை நிதானமாக, காரணத்தோடு செய்துகாட்டியவர் அவர். 2017இல் அவர் விலகியதற்குக் காரணமே பட்டறைக் காட்சிகளைச் சுருக்கச் சொன்னதுதான் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். இன்றைய காணொளிகள் அந்தச் சுருக்கலின் அடுத்த கட்டம். துருப்பிடித்த கதவு, ஒரு பாட்டு, கண்ணாடி மாதிரி கதவு. நடுவில் இருந்த மூன்று வாரத்தைக் காணோம்.

இதை நம்பிக் கெட்டவன் நான். மாமா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டை அவர் போன பிறகு அத்தை என்னிடம் கொடுத்தார். இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் பெயரில் வந்த அந்த கார், 1961 முதல் சென்னையில் தயாரானது. தனி சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. வீட்டில் கழற்றி மாட்ட இதைவிடத் தோதான கார் கிடைப்பது கஷ்டம். டிரைவர் கதவின் அடியில் நாலைந்து கொப்புளம். சுரண்டினேன், பட்டி வைத்தேன், தேய்த்தேன், அடித்தேன். அத்தை ரொம்ப சந்தோஷப்பட்டார். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் வந்து பார்த்தவர், "என்னப்பா, மறுபடியும் பூத்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

தப்பு எங்கே? கார் ஜன்னல் கண்ணாடி வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது சகஜம். அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக அது வெளியேற வேண்டும். அவை அழுக்கில் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்து அரிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும். அந்த இடத்தை வெட்டி எடுத்து நல்ல தகடு வெல்டிங் செய்வதுதான் வைத்தியம். பட்டி ஈரத்தை உறிஞ்சும், துருவை நிறுத்தாது. சுத்தமான தகட்டின்மேல், மெல்லிசாக, மேடுபள்ளம் சரிசெய்ய மட்டும்தான் அது.

அந்த மேடுபள்ளமும் கண்ணுக்குச் சிக்காது. பிரைமர் காய்ந்ததும் கறுப்புப் பெயிண்டை லேசாகத் தூவி, கட்டையில் வாட்டர் பேப்பர் சுற்றித் தேய்க்க வேண்டும். மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கும். தங்கிய இடத்தில் மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. பளபளப்பு கடைசியில் எதையும் மறைக்காது. பள்ளத்தைக் காட்டிக்கொடுப்பதே அதுதான். காணொளிகள் முதலில் வெட்டுவது இந்தத் தேய்ப்பை.

நேரத்தை மறைப்பதைக்கூட மன்னித்துவிடலாம். இன்னொன்றை என்னால் முடியவில்லை. ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலில் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். துணி மாஸ்க் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகக்கவசம் வேண்டும். நான் பார்த்த எத்தனையோ காணொளிகளில் கார் ஷெட்டை மூடிக்கொண்டு, மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். கீழே "சூப்பர் ப்ரோ" என்று வரிசையாக வாழ்த்து.

அப்படியானால் வீட்டில் செய்யவே கூடாதா? செய்யலாம். வெட்டுவது, தேய்ப்பது, பிரைமர்வரை நம் கையால். டூ-கே மட்டும் முறையான பூத் இருக்கும் பெயிண்டரிடம். நான் இரண்டாம் தடவை அப்படித்தான் செய்தேன். கதவுக்கு மட்டும் ஐந்து வாரம், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். சாய்வெயிலில் பார்த்தால் கைப்பிடிக்குக் கீழே ஒரு பள்ளம் இன்னும் தெரிகிறது. அதை யாரிடமும் மறைப்பதில்லை.

எனக்கு வேண்டிய காணொளி இனிமேல்தான் வரவேண்டும்: பளபளப்பைக் காட்டிவிட்டு முடிக்காமல், இரண்டு மழைக்காலம் கழித்து அதே கதவைத் திறந்து அடிப்பக்கத்தைக் காட்டுவது. யாராவது எடுத்தால் சொல்லுங்க, முதல் ஆளாகப் பார்க்கிறேன்.