பொம்மை வீட்டின் கடிதப்பெட்டி

நார்வே தேசத்து நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் 1879-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பொம்மை வீடு’ என்னும் நாடகத்தைப் படித்தறியாத அன்பர்களும், அதன் முடிவில் நோரா என்னும் மனைவி கணவனையும் மூன்று மக்களையும் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறாள் என்பதை எங்கேனும் கேட்டிருப்பர். அக்கதவின் ஓசையைப் பற்றி எழுதியோர் மிகப் பலர். நாடகத்தின் உயிர் அக்கதவில் இல்லை. ஒரு தின்பண்டத்திலும் ஒரு திறவுகோலிலும் இருக்கிறது என்பதே நமது கட்சி.

மேடைக்கு வந்த சிறிது நேரத்தில் நோரா மாக்கரூன் என்னும் பாதாம் பணியாரத்தை ஒளித்துத் தின்கிறாள். பல் கெடுமென்று கணவன் டோர்வால்ட் அதனைத் தடுத்திருக்கிறான். தின்றாயா என்று அவன் வினவ, இல்லையென்று பொய் சொல்கிறாள். மூன்று பிள்ளை பெற்றவள், தன் வாய்க்கு வேண்டியதைத் தானே தீர்மானிக்க இயலாமல் பொய் பேசுகிறாள்! முதன்முறை ஆங்கிலத்தில் வாசித்தபோது நாம் இவ்விடத்தில் சிரித்தோம். இப்பொழுது சிரிப்பு வரவில்லை.

நோயுற்ற கணவனை இத்தாலிக்கு அழைத்துச் சென்று உயிர் காக்க, அவனறியாமல் அவள் கடன் வாங்கியிருந்தாள். ஜாமீனாகத் தந்தையின் கையெழுத்தையும் தானே இட்டாள். கணவன் சம்மதமின்றி மனைவி கடன் பெற அங்கே வழியில்லை. மணமான பெண்ணும் தன் காரியத்தைத் தானே நடத்தத் தகுதியுடையவள் என்று நார்வேயின் சட்டம் ஏற்றது 1888-இல்தான். கடனைத் தீர்க்க ஒரு குளிர்காலம் முழுதும் இரவில் அறையைத் தாழிட்டுக்கொண்டு நகலெழுதுகிறாள். களைப்பு மிகுதி, ஆயினும் உட்கார்ந்து உழைத்துக் காசு பெறுவதில் ஆண்மகனைப் போன்றதோர் இன்பம் இருந்ததெனத் தோழியிடம் கூறுகிறாள். செக்ரோல் எழுதி எழுதிக் கண் புளித்த கிராணிகளாகிய நமக்கு இது வியப்பே! நாம் நுகத்தடியென்று எண்ணும் வேலை, தானே தேர்ந்துகொண்ட காரணத்தால் அவளுக்கு விடுதலையாயிற்று.

இனித் திறவுகோல். வீட்டுக் கடிதப்பெட்டியின் சாவி டோர்வால்டிடம் மட்டுமே உண்டு. அவள் செய்ததை அவனுக்கு அறிவிக்கும் கடிதம் கண்ணாடி வழியே தெரிகிறது. அவளால் எடுக்க முடியவில்லை. கொண்டையூசியால் நெம்பிய அடையாளத்தைக் கணவன் கண்டபோது பழியைக் குழந்தைகள்மேல் போடுகிறாள். அக்கடிதம் அவன் பெயருக்கு வந்ததே. ஆயினும் அவள் பெயருக்கு வருவதும் அதே பூட்டுக்குள்தானே விழும்? தோட்டத்து ஆபீசில் கடிதக் கட்டைப் பிரிக்கும் நமக்கு இக்காட்சியை வாசிக்க மனங் கூசியது. மனைவி பெயரிட்ட உறையைக் கணவன் கையில் எத்தனை முறை கொடுத்திருப்போம்! அது பிரியாமல் வீடு சேர்ந்ததா என்று ஒருநாளும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

1880-இல் ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே, தாம் மக்களை விட்டுச் செல்லமாட்டோம் என்று மறுத்தார். பிறர் சிதைப்பதினும் தாமே சிதைப்பது மேலென்று இப்சன் வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் நோரா, உறங்கும் குழந்தைகளின் வாயிலில் தளர்ந்து விழுகிறாள்.

தாய் பிள்ளைகளை விடுவதா என்று இவ்வளவு ஆரவாரம் செய்தோர், அதே நாடகத்தில் வரும் செவிலியைக் கண்டனரா? நோராவை வளர்த்த அவள், தன் பெண் குழந்தையை அயலாரிடம் விட்டு வந்தவள். எப்படி மனம் வந்ததென்று நோரா கேட்க, இடறிவிழுந்த ஏழைப் பெண்ணுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிதென்னும் பொருள்பட விடையளிக்கிறாள். அம்மகள் இருமுறை கடிதம் எழுதியதே அவளுக்கு ஆறுதல். விரும்பி விட்டவளுக்கு வசை. வயிற்றுக்காக விட்டவளைப் பற்றிப் பேச்சே இல்லை. இப்சன் இருவரையும் அருகருகே நிறுத்தியது தற்செயலன்று என்றே நினைக்கிறோம். ஆனால் செவிலிக்கு அவர் அளித்தவை சில வரிகளே. இது நாடகத்தின் குறை.

விடியுமுன் குழந்தையை ஆயாக்கொட்டகையில் கிடத்திவிட்டுப் பால்வெட்டச் சென்ற தாய்மாரை, எப்படி மனம் வந்ததென்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டோ? நமது அன்னையாரை நாமும் கேட்டதில்லை.