பெயர்ந்த எனாமலுக்கு ஒரு பட்டி

வார்ப்பிரும்புக் குளியல் தொட்டியின் வெண்மை பெயிண்டால் வந்ததல்ல, கண்ணாடியால் வந்தது. கண்ணாடித் தூளை இரும்பின்மேல் தூவிக் கடும் சூட்டில் உருக்கி ஒட்டவைத்த எனாமல் அது. 1883-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜான் மைக்கேல் கோலர், கால்நடைத் தொட்டிக்கு எனாமல் பூசிக் குளியல் தொட்டியாக்கினார். அந்த வகைத் தொட்டிகள் அங்கே பழைய வீடுகளில் இன்றும் உழைக்கின்றன.

கனமான ஸ்பேனர் கைதவறி விழுந்தால் ஒரு சில்லு பெயரும், உள்ளே இரும்பு கறுப்பாகத் தெரியும். ஈரம் பட்டால் துரு விளிம்புக்கு அடியில் ஊர்ந்து பக்கத்து எனாமலையும் கிளப்பிவிடும்.

வீட்டில் சூளை மூட்ட முடியாது; எபாக்சி பட்டிதான் கைகொடுக்கும். முதலில் துருவை உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். சோப்புப் படலம் துளியும் மிஞ்சாமல் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும். பட்டியைப் பிளேடு முனையில் எடுத்து, ஒன்று இறுகியபின் ஒன்றாக மெல்லிய பூச்சுகள் வைக்க வேண்டும். ஒரேயடியாக அப்பினால் வழிந்து மேடு தட்டும்.

எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம். நைசான உப்புத்தாளை நனைத்து வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க மேடு கரையும். கண்ணை மூடி விரலை ஓட்டினால் இணைப்பு தட்டுப்படாது. நிறமும் சவால்தான்: பழைய தொட்டியின் வெள்ளையில் லேசான மஞ்சள் கலந்திருக்கும், அதற்கேற்பச் சாயம் சேர்க்க வேண்டும்.

நகத்தளவு பட்டி, கொஞ்சம் பொறுமை. தலைமுறைகள் குளித்த தொட்டியைக் காயலான் கடைக்குப் போகாமல் காக்க அவ்வளவு போதும்.