யாமமும் நிழலும்

மலைநிலத்திற்கு உரிய சிறுபொழுது யாமம் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. நள்ளிருளில் தலைவன் வரவை எதிர்நோக்கித் தலைவி விழித்திருப்பதே குறிஞ்சியின் உயிர். பூண்டுலோயாவில் தேயிலைச் சரிவுகளைப் பனிமூட்டம் மறைத்து, லயங்களின் விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தபின், இதற்கு நேர்மாறான யாமத்தைக் காட்டும் சிறுநாவல் ஒன்றை ஆங்கில மொழிபெயர்ப்பிற் படித்தேன். பாரசீக ஆசிரியர் சாதிக் ஹெதாயத் இயற்றிய 'குருட்டு ஆந்தை' அது.

நூல் முதன்முதல் வெளிவந்தது இந்தியாவிலேயாம். 1936-இல் பம்பாயில் தங்கிப் பஹ்லவி மொழி பயின்ற ஹெதாயத், ஏறத்தாழ 50 படிகளை மட்டும் உருட்டச்சிலே எடுத்தார். ஈரானில் விற்பதற்கன்று என்ற குறிப்பும் சேர்த்தார். மௌனியின் கதைகள் மணிக்கொடியில் வரத் தொடங்கியதும் அவ்வாண்டே.

எழுதுகோற்கூடுகளில் ஓவியந் தீட்டுபவன் ஒருவன் எப்போதும் ஒரே காட்சியையே வரைகிறான். சைப்பிரஸ் மரத்தடியில் கூனற்கிழவன். அவனுக்கு மலர் நீட்டும் கருந்துகில் மங்கை. ஒருநாள் சுவர்த்துளை வழியே அக்காட்சியையே நேரிற் காண்கிறான். பின்னர்த் தேடினால் துளையே இல்லை! அவள் இரவில் வந்து அவன் படுக்கையில் இறந்துபடுகிறாள். அவன் உடலைத் துண்டித்துப் பெட்டியில் அடைத்துப் புதைக்கிறான். புதைகுழியிற் கிடைத்த பழஞ்சாடியிலும் அவன் அவ்விரவு வரைந்த முகமே இருக்கிறது. பிற்பகுதியில் வேறொரு பிறவிபோல் அதுவே மீள்கிறது. மனைவியைக் கொன்று, கண்ணாடியில் தன்னை அக்கிழவனாகக் காண்கிறான்.

இவையெல்லாம் கனவு, கனவில் குற்றமேது என்பர் சிலர். அவர் கூற்றை நான் ஏற்கவில்லை. அவன் கதையைச் சொல்வது சுவரில் விழும் தன் நிழலுக்கு. நம் அகப்பாட்டிலும் தலைவன் தன் நெஞ்சொடு பேசுவதுண்டு. ஆயினும் அப்பேச்சு முழுவதும் தலைவியை நோக்கியே ஓடும். இங்கோ கேட்பதும் தானே, விடையும் தானே. பெண் வாய் திறப்பதற்கு இடமில்லை. இரவு இத்துணை அழகாக எழுதப்பட்டிருப்பதனாலேயே படிப்பவரும் சற்று நேரம் அந்நிழலாகிவிடுகிறோம். அங்கேதான் இந்நூலின் வலிமையும் அபாயமும் உள்ளன. இளைஞரைச் சாவுக்குத் தூண்டும் நூல் என ஈரானியர் அஞ்சியதும், 1951-இல் பாரிஸில் ஆசிரியர் தம்முயிரை மாய்த்துக்கொண்டதும் பலரும் எடுத்துக் கூறுவன. மாணவரிடமிருந்து இதனை ஒளித்துவைக்க அவை காரணமாகா. ஆசிரியருடன் அமர்ந்து படித்தல் நலம்.

தமிழர் கூர்ந்து நோக்கவேண்டிய பாத்திரம் ஒன்றுண்டு: நாயகனின் தாய், காசிக் கோயிலின் ஆடல்மகள் பூகாம் தாசி. உருவொத்த இரட்டையர் இருவரை நாகத்தோடு இருட்டறையில் அடைத்துச் சோதித்தவள். மகனுக்கு நச்சுப்பாம்பின் விடங்கலந்த மதுவை விட்டுச் சென்றவள். காதலிக்கும் மனைவிக்கும் இயற்பெயரே தராத ஆசிரியர் இவளுக்குப் பெயரிட்டார் என மகிழ்ந்தேன். ஆனால் தெலுங்கில் 'போகம்' என்பது ஆடல்மகளிரின் குலப்பெயர். பூகாம் அதன் திரிபென்றே தோன்றுகிறது. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டிலோ இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டிர் ஒவ்வொருவர் பெயரும், அவரவர் வீடிருந்த தெருவும் பொறிக்கப்பட்டுள்ளன.